அரைக்குச்சி வெளியே

போன மாதம் தேவஆசீர்வாதத்தை அடக்கம் செய்தபோது போதகர் அவரை "அமைதியான மனிதர்" என்று சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு போதகரிடம் மல்லுக்கு நிற்க முடியுமா? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். அவர் அமைதியான மனிதர் இல்லை. பேச ஆள் கிடைக்காத மனிதர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்க ஒன்பது வருடம் ஆயிற்று. அதுவும் ஒரு காருக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது.

என் பெயர் வன்னியபெருமாள். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில், லாரிகளுக்கு பாடி கட்டும் வெல்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். 1973-இல் எனக்கு அடுத்த காலி மனைக்கு அவர் வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். மதுரையில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். மனைவி ஸ்டெல்லாமேரி மஞ்சள்காமாலையில் இறந்துபோக, அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. இவர் புராட்டஸ்டண்டு, அந்த அம்மா கத்தோலிக்கர். கல்யாணத்தன்றே இரண்டு வீட்டாரும் கையைக் கழுவிவிட்டார்கள். அந்த அம்மா செத்ததற்கும் யாரும் வரவில்லை என்று கேள்வி.

வந்தவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? மனை நடுவில் ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டினார். கரிசல் மண் முழுவதையும் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, சரளையும் மணலும் போட்டு நிரப்பி, தண்ணீர் விட்டுக் கெட்டித்து, அதன்மேல் கான்கிரீட் தளம் போட்டார். எங்கள் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். எந்தச் சுவரையும் நேராக நிற்க விடாது. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தான் படுக்க ஒரு தகர அறையோடு நிறுத்திக்கொண்டு, டயர் நிற்பதற்கு அஸ்திவாரம் போட்ட ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். டயருக்கு மாளிகை கட்டுகிறார் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவர் தொழில் வீல் அலைன்மெண்ட். வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. சிலருக்கு நடக்கும்போது கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும், சிலருக்கு ஆளுக்கொரு திசையில் விலகியிருக்கும். சக்கரமும் அப்படித்தான். உள்ளே பார்த்தால் டோ-இன், வெளியே பார்த்தால் டோ-அவுட். எந்த வண்டி எவ்வளவு உள்ளே பார்க்க வேண்டும் என்பது அந்தந்த வண்டியின் எடைக்கும் வேகத்துக்கும் தக்கபடி. அளவு கொஞ்சம் தப்பினால் புது டயரைக்கூட மூன்று மாதத்தில் ரோடு தின்றுவிடும். ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

இந்த அளவைப் புத்தகத்தில் மில்லிமீட்டரில் போட்டிருக்குமாம். அவர் குச்சியில் சொல்வார். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அங்கிருந்து மருந்து முக்காத வெறும் குச்சியாக ஒரு கட்டு வாங்கிவந்து, ஒரே கனமாக இருப்பதை மட்டும் பொறுக்கி பாட்டிலில் போட்டு வைத்திருப்பார். டயரின் நடுவே சாக்பீஸால் கோடு இழுத்து, ஒரு நீளக் குழாயை வைத்து இரண்டு சக்கரத்துக்கும் இடையே முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பார்ப்பார். வித்தியாசம் எத்தனை குச்சிக் கனமோ அதுதான் கணக்கு. "லாரிக்கு ரெண்டு குச்சி உள்ள. அம்பாசிடருக்கு ஒண்ணு." பிளேடால் குச்சியைப் பிளந்து அரை, கால் என்றும் வைத்திருந்தார்.

குழாயைத் தொடுவதற்கு முன்பே டயரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். உள்ளேயிருந்து வெளியே தடவும்போது அரம்போல் கையில் இடறினால் சக்கரம் அதிகமாக உள்ளே பார்க்கிறது. வெளியேயிருந்து உள்ளே தடவும்போது இடறினால் வெளியே பார்க்கிறது. தடவிவிட்டு அவர் சொன்னதைக் குழாய் ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை. வேலையில் அவ்வளவு சுத்தம்.

அந்தச் சுத்தம்தான் அவரைக் கெடுத்தது என்பேன். என்னைப் பாருங்கள், ஒரு லாரி என்னிடம் வந்தால் இருபது நாள் நிற்கும். டிரைவர், கிளீனர், முதலாளி, முதலாளியின் மச்சான் என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டிருக்கும். அவரிடம் வருகிற வண்டி முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடும். அந்த முக்கால் மணியும் டிரைவர் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். அப்புறம் ஆறு மாதத்துக்கு வர வேண்டிய தேவையே இருக்காது. அவ்வளவு சரியாகச் செய்துவிடுவார்.

நானாவது பேசியிருக்கலாம். 1976-இல் ஒரு காரியம் நடந்தது. சரளை ஏற்றிய டிரெய்லர் ஒன்றை என் ஆட்கள் அவருடைய தளத்தின்மேல் நிறுத்திவிட்டார்கள். ஓரம் பிளந்துவிட்டது. அவர் வந்து என்னிடம் காட்டினார். தப்பு என்னுடையது என்று எனக்கே தெரிந்தது, அதனால் நான் இரண்டு மடங்கு கத்தினேன். "ரோட்டோரத்துல கடை போட்டா வண்டி ஏறத்தான் செய்யும், வேணும்னா வேலி போட்டுக்கிடும்" என்றேன். அவர் திரும்பிப் போய், உடைந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு ஒரு வாரம் தானே தளத்தைச் சரிசெய்தார். அதற்குப் பிறகு கண்ணில் பட்டால் தலையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்றே சொல்வார். எட்டி நிற்கிறவர் கொடுக்கிற மரியாதை அது.

1981 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் வந்தது. ஞாயிறு மதியம் வரை என் ஷெட்டும் திறந்திருக்கும் என்பதால் நானே பார்த்தேன். பழைய ஹெரால்டு வண்டி ஒன்றின் கூரையை வெட்டி எடுத்து, உடம்பைத் தரையோடு தரையாக இறக்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். ஓட்டி வந்தவன் மாயகிருஷ்ணன், நாகலாபுரம் பக்கம் பருத்தி அரவை மில் வைத்திருப்பவரின் மகன். இருபத்தேழு வயது, நல்ல கனத்த உடம்பு. பந்தயக் கிறுக்கு. மெட்ராஸ் போய் வண்டியை வாங்கி வந்த பிறகு அவன் அப்பா மூன்று நாள் பேசவில்லையாம்.

"மதுரையில மூணு எடத்துல காட்டிட்டேன் அண்ணாச்சி. நேர் ரோட்டுல நல்லாப் போவுது. வளைவுல திருப்பினா மூக்கு திரும்ப மாட்டேங்கு. ரோட்டை விட்டு வெளிய போகப் பாக்குது" என்றான்.

தேவஆசீர்வாதம் குனிந்து டயரைத் தடவினார். "புஸ்தகப்படி வெச்சிருக்காவ தம்பி. புஸ்தகம், குடும்பத்தோட திருச்செந்தூர் போறவனுக்கு எழுதினது. நீங்க இதை வெச்சு என்ன செய்யப் போறீய?"

"தை மாசம் சோழவரத்துல பந்தயம். ஓட்டப் போறேன்."

"அப்ப சக்கரம் ஒரு பொட்டு வெளிய பாக்கணும். திருப்பினதும் மூக்கு சட்டுனு உள்ள வரும். ஆனா கூடிப்போச்சுன்னா நேர் ரோட்டுல நிலைகொள்ளாது, நாலாபக்கமும் மேயும். ரெண்டுக்கும் நடுவுல ஓரிடம் இருக்கு. அதைத் தேடித்தான் பிடிக்கணும்."

தேட ஆரம்பித்தார்கள். ஞாயிறுதோறும் பத்தரை மணிக்கு வண்டி வந்துவிடும். அவர் கால்குச்சி மாற்றுவார், இவன் கயத்தாறு வரை விரட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருவான், வளைவில் எப்படி இருந்தது, நேரில் எப்படி இருந்தது என்று சொல்வான், அவர் மறுபடி குனிவார். இடையில் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேச்சு. அவர் சந்தையில் இரண்டாவதாக ஒரு மடக்கு நாற்காலி வாங்கினார். எட்டு வருடமாக அந்த ஷெட்டில் ஒரே நாற்காலிதான் இருந்தது என்பதை அன்றுதான் நான் கவனித்தேன்.

பேச்சு என்றால் அப்படிப் பேச்சு. மதுரையில் பிரேக் இல்லாத பஸ்ஸை அழகர்கோயில் ரோட்டில் கொண்டுவந்த கதை, ஸ்டெல்லாமேரி வைக்கிற மீன்குழம்பு, எந்த டிரைவருக்கு எந்தக் கை பலம் என்பதை டயரைப் பார்த்தே சொல்வது. ஒருநாள் அவர் வாய்விட்டுச் சிரித்தது என் ஷெட்டுக்குக் கேட்டது. இந்த ஆளுக்குச் சிரிக்க வருமா என்று வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தேன்.

எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. ஊரில் மனிதர்கள் மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இவன் கயத்தாறுக்குப் போய் டீகூடக் குடிக்காமல் திரும்பி வருகிறான். புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. அந்த ஒரு வண்டி மட்டும் சரியாகவே இல்லை. லாரியை முக்கால் மணியில் முடிக்கிறவருக்கு இந்தச் சின்ன வண்டி நான்கு மாதமாகப் பிடிபடவில்லையா? எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பணக்காரன் வண்டி, பிகு பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழிக் கடைசி ஞாயிறு. வண்டி வழக்கம்போல் கயத்தாறு பக்கம் கிளம்பிப் போனது. அது கண்ணை விட்டு மறைந்ததும் எதிர்பாராமல் அரைமணி நேரம் தூறல் போட்டது. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று, வரவில்லை. தேவஆசீர்வாதம் ரோட்டு நடுவில் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் வண்டி வந்தது. மாயகிருஷ்ணன் முழங்கால் வரை கரிசல் சேறு. அவனுக்கு ஒரே சிரிப்பு.

"வளைவுல ஒடிச்சேன், மூக்கு படக்குனு உள்ள போயிட்டு. பின்பக்கம் பிடுங்கிக்கிட்டு வந்து ரெண்டு சுத்து சுத்தி, பருத்திக் காட்டுக்குள்ள போய் நின்னுட்டு! காட்டுக்காரர் மாட்டைப் பூட்டி இழுத்துவிட்டார். திட்டித் தீர்த்துட்டார் மனுசன். செடிக்கு எவ்வளவுன்னாலும் தந்துருதேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு குச்சியை எடுத்துச் சக்கரத்தில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கினார். சேறு முழுவதும் போன பிறகும் சுரண்டிக்கொண்டேயிருந்தார்.  

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தன. மாயகிருஷ்ணன் காரை அவரிடம் விட்டுவிட்டுப் பந்தய டயர் வாங்கத் தூத்துக்குடிக்குப் போயிருந்தான். காலையில் அவர் என் ஷெட் வாசலில் வந்து நின்றார். ஆறு வருடத்தில் முதல்முறை.

"அண்ணாச்சி, உங்க எடை எவ்வளவு?"

கேலி செய்கிறாரோ என்று எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. "எதுக்குக் கேக்கீய?"

"தம்பி எண்பத்திரெண்டு கிலோ. டிரைவர் சீட்டுல அந்த எடை இருந்தாத்தான் வண்டி ஓடும்போது நிக்கிற மாதிரி நிக்கும். அப்பதான் அளவு சரியா வரும். மணல் மூட்டை வெச்சுப் பாத்தேன், சரிஞ்சு சரிஞ்சு போவுது."

அரிசி ஆலைத் தராசில் நான் எண்பத்து நான்கு. சொன்னேன்.

"ரெண்டு கிலோ பரவாயில்ல. அரைமணி நேரம் வந்து உக்காந்தா போதும்."

போய் உட்கார்ந்தேன். சீட் தரையோடு இருந்தது. காலை நீட்டி, பாதி படுத்த மாதிரிதான் உட்கார முடியும். அவர் பலகையைப் போட்டு முன்பக்கம் அடியில் நுழைந்துகொண்டார். எனக்கு அவர் செருப்புக்கால் மட்டும் தெரிந்தது. "ஆடாதீங்க" என்றார். ஸ்பானர் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"இது புரட்டாசியிலேயே சரியாயிட்டு அண்ணாச்சி."

"எது?"

"இந்த வண்டிதான். புரட்டாசி ரெண்டாம் ஞாயிறு. கால்குச்சி வெளிய. அதான் இதுக்கு அளவு. அதுக்குமேல இதுல செய்ய ஒண்ணுமில்ல."

"பிறகு எதுக்கு வாரம் தவறாம அந்தப் பையனை வரச் சொன்னீய?"

ஸ்பானர் சத்தம் நின்றது. "சரியாயிட்டுன்னு சொல்லிட்டா அவிய ஏன் வரப் போறாவ?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். முதல் வாரம் வெறும் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கோணலாக நிற்கும்படி விட்டாராம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை, பார்க்கிறவனுக்கு உறுத்தும், திரும்பக் கொண்டுவருவான். அடுத்த வாரம் அதைச் சரிசெய்துவிட்டு, சக்கரத்தை ஒரு மயிரிழை கூடுதலாக வெளியே பார்க்க வைத்தார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு ஞாயிறும் போன வாரம் வைத்த தப்பை எடுத்துவிட்டுப் புதுத் தப்பு ஒன்றை வைத்தார். இப்படிப் பதினாறு ஞாயிறு.

"மார்கழியில அரைக்குச்சி வெளிய வெச்சேன். காய்ஞ்ச ரோட்டுல அதை அவிய சமாளிச்சிருவாவ. மழை வரும்னு நான் நினைக்கல."

எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. "உயிரு போயிருந்தா? அந்த வளைவுல எதிர்த்தாப்புல லாரி வந்திருந்தா? நீர் என்ன மனுசன் வே?"

எழுந்து போய்விடலாம் என்று கையை ஊன்றினேன். "ஆடாதீங்க அண்ணாச்சி, அளவு போயிரும்" என்றார். போய்த் தொலையட்டும் என்று விட முடியவில்லை. அந்த அளவு சரியாக இருந்தால்தான் அந்தப் பையன் பந்தயத்திலிருந்து முழுசாகத் திரும்புவான். கல் மாதிரி உட்கார்ந்தேன்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து உடுப்பு மாத்தினா பத்து மணி. அதுலயிருந்து இருட்டுற வரைக்கும் ஞாயித்துக்கிழமை எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு நாலு பிள்ளைய" என்றார்.

"பக்கத்துல நான் இருக்கேன்லா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

"நீங்க கடைசியா எங்கிட்டப் பேசினது டிரெய்லர் ஏறி தளம் உடைஞ்ச அன்னைக்கு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தேதியைச் சொல்வதுபோல் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. நல்லவேளை, அவர் முகத்தை நானோ என் முகத்தை அவரோ பார்க்க முடியாத இடத்தில் இருந்தோம்.

முடித்துவிட்டு வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "கால்குச்சி. இனி யார் பாத்தாலும் இதுதான்" என்றார்.

"அவன்கிட்ட சொல்லப் போறீயளா?"

"சொல்லணும்."

"எதுக்குச் சொல்லணும்? வண்டிதான் சரியாயிட்டே. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரும். நாலு மாசம் பழகினவன், உம்மைத் தேடி வராமலா போயிருவான்?"

அவர் தலையை ஆட்டினார். "சொல்லாம விட்டா மறுபடியும் செய்வேன் அண்ணாச்சி. என்னை எனக்குத் தெரியும்."

மறுநாள் பத்தரைக்கு மாயகிருஷ்ணன் வந்து புது டயரை மாட்டிக்கொண்டு கயத்தாறுக்குப் போனான். நான் அன்று வேலையே செய்யவில்லை. சும்மா ஒரு கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். போன வேகத்தில் திரும்பி வந்தான். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"கையை விட்டாலும் நேராப் போவுது அண்ணாச்சி! வளைவுல நெனைச்ச எடத்துல திரும்புது! இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீய இதை? பந்தயம் முடிஞ்சதும் நேரா இங்கனதான் வருவேன். அடுத்தாப்புல பின்சக்கரத்துல ஆரம்பிப்போம். அதுல ஒரு வருசத்துக்கு வேலை இருக்குன்னு நீங்கதானே சொன்னீய?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருடம். ஐம்பத்திரண்டு ஞாயிறு. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். சொல்லாதீர் வே, சொல்லித் தொலைக்காதீர் என்று மனசுக்குள் கத்தினேன்.

அவர் சொன்னார். நின்றபடி, நேற்று என்னிடம் சொன்னதுபோலவே, புரட்டாசியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாரமாகச் சொன்னார். மாயகிருஷ்ணன் முதலில் ஏதோ வேடிக்கை என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"பருத்திக் காட்டுக்குள்ள போனேனே. அதுவுமா?"

"அதுவும்தான் தம்பி."

பையன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். "இப்ப சரியா இருக்கா?"

"இருக்கு."

"நான் அதை எப்படி நம்ப?"

 மாயகிருஷ்ணன் வண்டியில் ஏறினான். நாலு மாதத்தில் அந்த வண்டி மெதுவாகப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு நடந்ததை மாயகிருஷ்ணனின் மில் லாரி டிரைவர் சோலைச்சாமி சொல்லித் தெரிந்துகொண்டேன். மெட்ராஸில் மிஷின் வைத்திருக்கிற ஒரு இடத்தில் வண்டியைக் காட்டியிருக்கிறான். இதில் மாற்ற ஒன்றுமில்லை, இதைச் செய்தது யார் என்று அங்கே கேட்டார்களாம். இவன் கேள்வி காதில் விழாததுபோல் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினானாம். பந்தயத்தில் அதே அளவில் ஓட்டி நாலாவதாக வந்தான். கீறல் இல்லாமல் ஊர் திரும்பினான். இங்கே வரவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், நடந்ததை அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவன் அப்பாவின் லாரிகள் எப்போதும்போல் இவரிடம்தான் வந்தன. பங்குனியில் ஒருநாள் சிவப்புக் கார் எங்கள் ரோட்டில் போயிற்று. இவர் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சத்தம் கேட்காமல் போகிற வரை நின்றுவிட்டு, மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு மனசு அடங்கவில்லை. இவரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்று தோன்றிக்கொண்டேயிருந்தது. ஆனால் நான் எந்த முகத்தோடு போவது? சும்மா போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற பழக்கம் எங்களுக்குள் இல்லையே. காரணம் ஒன்று வேண்டும். சித்திரையில் என் மச்சான் ஜீப்பை இரவல் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, என் ஷெட்டுக்குள் வைத்து, முன்சக்கரங்களை இணைக்கிற கம்பியின் நட்டைத் தளர்த்தி, கம்பியை ஒன்றரைச் சுற்று திருகி, மறுபடி முறுக்கிவிட்டேன். அவர் வந்து உடுப்பு மாற்றியதும் வண்டியை எடுத்தேன். பத்தடி ஓட்டினேன்.

"அண்ணாச்சி, ஸ்டியரிங் ஒருபக்கமா இழுக்கு. என்னன்னு பாருங்களேன்."

அவர் டயரைத் தடவினார். இரண்டு பக்கமும் தடவினார். டயர் வழவழவென்றுதான் இருந்திருக்கும், பத்தடியில் என்ன தேயும்? என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடியில் போனார். நான் அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். பேச்சை எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிட்டார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

"நட்டுல புதுத் தடம் இருக்கு அண்ணாச்சி. துரு எல்லாம் உதிர்ந்து கிடக்கு. காலையில யாரோ கை வெச்சிருக்காவ."

நான் தரையைப் பார்த்தேன்.

"அப்படி வைக்கக் கூடாது. ரோட்டுல ஆளு போகுது" என்றார். கோபமில்லை.  "நல்லா முறுக்கிட்டேன். இனி ஆறு மாசத்துக்கு இதைத் தொட வேண்டாம்."

ஏதாவது ஒரு குறையை மிச்சம் வைத்திருக்கலாம், அடுத்த வாரம் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வைக்கவில்லை. இனி எந்த வண்டியிலும் வைக்க மாட்டார். நானாவது, ஜீப் கிடக்கட்டும் அண்ணாச்சி, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி தொண்டை வரை வந்தது. ஊரெல்லாம் கேட்கக் கத்துகிறவன் நான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"டீ சொல்லட்டுமா?" என்றேன்.

"குடிச்சாச்சு அண்ணாச்சி."

ஜீப்பை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளி வந்து நிறுத்தினேன். மணி பதினொன்று. அன்று முழுக்க என் ஷெட்டைப் பூட்டாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற வரை அவரிடம் ஒரு வண்டியும் வரவில்லை. நானும் போகவில்லை.